யாருக்குக் கொடுத்தார்கள் அந்த மருந்தை?

சென்னையில் மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரம் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கானாடுகாத்தான் வீட்டில் இருக்கும் ஆச்சி வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் அப்பச்சிக்கு 72 வயது. மூன்று மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் இன்சுலின் எழுதிவிட்டார். "ஊசி ஆரம்பித்தால் அவ்வளவுதான், நம் பங்காளி வீட்டில் எத்தனை பேர் போனார்கள் பார்த்தாயா" என்று பிடிவாதமாக மறுக்கிறார். தம்பி வேறு போனில் ஒரு ஆராய்ச்சியைக் காட்டுகிறான். மாத்திரை சாப்பிடுகிறவர்களைவிட இன்சுலின் போடுகிறவர்கள்தான் அதிகம் இறக்கிறார்களாம். என்ன செய்வது ஆச்சி?
– வாசகி, பள்ளத்தூர்

முதலில் ஊசியைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஆராய்ச்சியைப் பேசலாம்.

தம்பி காட்டிய கணக்கில் பொய் இருக்காது. மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து வெறுமனே எண்ணினால் இன்சுலின் பக்கம் சாவு கூடுதலாகத்தான் வரும். ஆனால் எண்ணுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: அந்த ஊசியை யாருக்குக் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள்?

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். சர்க்கரை என்று தெரிந்ததும் ஒரு மாத்திரை. கொஞ்ச நாள் ஆவாரம்பூ, பாகற்காய்ச் சாறு. பிறகு இரண்டாவது மாத்திரை, மூன்றாவது மாத்திரை. டாக்டர் இன்சுலின் என்று வாயைத் திறந்தால் டாக்டரையே மாற்றிவிடுவோம். கால்விரல் புண் ஆறாமல் கறுத்த பிறகோ, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிய பிறகோ, மாரடைப்பு வந்து ஐசியூவில் படுத்த பிறகோதான் ஊசிக்குச் சம்மதம். இப்படி வந்து சேர்ந்தவர்களை ஒரு பக்கமும், நேற்றுத்தான் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டு ஒரு மெட்ஃபார்மின் மாத்திரையோடு நடைப்பயிற்சி போகிறவரை இன்னொரு பக்கமும் நிறுத்தினால் எந்தப் பக்கம் சாவு கூடும்? உங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர்களும் எந்த நிலையில் ஊசிக்கு வந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

சரி, ஊசியே ஆளைக் கொல்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே மாதிரி ஆட்களில் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்த்தாயிற்று. 2012-ல் முடிவு வெளிவந்த ஒரிஜின் ஆய்வில் 12,537 பேர். இதய நோய் அபாயம் உள்ளவர்கள், ஆனால் சர்க்கரை ஆரம்ப நிலையில் இருப்பவர்கள். ஆறு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், சாவு எதிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2009-ல், ஜெர்மனியின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஒரிஜினில் கொடுத்த அதே கிளார்ஜின் வகை இன்சுலினால் புற்றுநோய் வருமோ என்று ஒரு பயம் கிளம்பியது. ஒரிஜினில் அதையும் எண்ணினார்கள். அதிலும் வித்தியாசமில்லை.

இன்சுலினுக்கு நிஜமான குறை ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோவது ஊசி பக்கத்தில்தான் அதிகம். உடம்பும் கொஞ்சம் பூசும். ஆகவே அப்பச்சி ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. பயப்பட வேண்டியது அதற்குத்தான். எத்தனை யூனிட், எப்போது என்பதையெல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி காட்டிய தம்பியையே கூட அனுப்புங்கள்.

மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று படித்தேன். எனக்குச் சர்க்கரை இல்லை. இருந்தாலும் தினம் ஒன்று போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், புதுவயல்

வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள். ஒரு விளையாட்டுக் கணக்கு போடுவோம். நம் ஊர்களில் 80 வயதில் சதாபிஷேகம் கொண்டாடியவர்களையெல்லாம் ஒரு பட்டியல் எடுங்கள், கொண்டாடாதவர்களை இன்னொரு பட்டியல். எந்தப் பட்டியலில் ஆயுள் அதிகம்? சதாபிஷேகப் பட்டியலில் ஒருவர்கூட 80-க்கு முன் இறந்திருக்க மாட்டார். அதனால் கும்ப நீரை ஊற்றினால் ஆயுள் கூடும் என்று சொல்வீர்களா? அந்தப் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமென்றாலே 80 வரை உயிரோடு இருந்தாக வேண்டும்.

மருந்து ஆய்விலும் இதே கூத்து நடக்கிறது. பத்து வருடப் பதிவில் எப்போதாவது மெட்ஃபார்மின் வாங்கியவரையெல்லாம் ‘சாப்பிட்டவர்’ என்று முதல் நாளிலிருந்தே குறித்துவிடுவார்கள். ஒருவர் ஐந்தாம் வருடம்தான் முதல் அட்டையை வாங்கினார் என்றால், அதற்கு முந்தைய ஐந்து வருடமும் அவர் புற்றுநோயில்லாமல் இருந்ததால்தான் அந்தப் பக்கமே வந்து சேர்ந்தார். அந்த ஐந்து வருட நல்ல பெயரும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. இதற்கு வழி சுலபம்தான். கடிகாரத்தை மாத்திரை ஆரம்பித்த நாளில் தொடங்க வேண்டும், அதற்கு முந்தைய நாட்களை மாத்திரை இல்லாத கணக்கில் எழுத வேண்டும். சுலபமாக இருந்தும் பலர் செய்யவில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுயீசாவும் அசூலேயும் 2012-ல் மெட்ஃபார்மின் – புற்றுநோய் ஆய்வுகளை வரிசையாக எடுத்து, எதெதில் இந்தக் காலக் கணக்கு தவறியிருக்கிறது என்று காட்டினார்கள்.

பிறகு குலுக்கல் முறையில் ஒரு பெரிய ஆய்வும் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற, உங்களைப் போலச் சர்க்கரை இல்லாத 3,649 பேர். பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2022-ல் முடிவு: நோய் திரும்புவதில் வித்தியாசமில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நல்ல மாத்திரை, நானும்தான் போடுகிறேன். சர்க்கரை இல்லாதவர் வயிற்றுப்போக்கை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

ஒரு ஆய்வில் இரண்டு லட்சம் பேர் என்கிறார்கள். அவ்வளவு பேர் இருந்தால் பிழை அடிபட்டுப் போகாதா?
– வாசகர், கோட்டையூர்

தற்செயலான பிழை அடிபடும். ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை அடிபடாது, இன்னும் உறுதியாக நிற்கும். தராசின் ஒரு தட்டு கனமாக இருந்தால் எத்தனை முறை நிறுத்தாலும் அதே பொய்தான்.

காரைக்குடியில் முதுகலை படிக்கிறேன். ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளை வைத்து, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கும் கிளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கும் யாருக்கு மாரடைப்பு அதிகம் என்று ஒப்பிடுகிறேன். "ப்ரொபென்சிட்டி ஸ்கோர் போட்டுவிட்டால் பாரபட்சம் போய்விடும்" என்கிறார் வழிகாட்டி. போய்விடுமா ஆச்சி?
– மாணவர், காரைக்குடி

போகாது தம்பி, குறையும். எவ்வளவு குறையும் என்பது ஸ்கோர் போடுவதற்கு முன்னால் நீங்கள் செய்கிற வேலையைப் பொறுத்தது.

இரண்டு மாத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது நல்ல தொடக்கம். இரண்டுமே பெரும்பாலும் மெட்ஃபார்மின் போதாதபோது சேர்ப்பவை, ஆகவே ஆட்களும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் இருப்பார்கள். மாத்திரையே போடாதவர்களோடு ஒப்பிட்டிருந்தால் எனக்குக் கடிதம் எழுதவே தேவையில்லை, அப்போதே கிழித்துப் போட்டிருக்கலாம். அடுத்து, புதிதாக ஆரம்பித்தவர்களை மட்டும் எடுங்கள். முந்தைய ஒரு வருடப் பதிவில் அந்த இரண்டு மாத்திரையுமே இருக்கக் கூடாது. பத்து வருடமாகக் கிளிமிபிரைடு போடுகிறவர், அது ஒத்துக்கொண்டதால்தான் இன்னும் போடுகிறார். ஒத்துக்கொள்ளாமல் மயங்கி விழுந்தவர் எப்போதோ நிறுத்திவிட்டார், உங்கள் கணக்கில் சிக்க மாட்டார்.

இப்போது ஸ்கோர். 1983-ல் ரோசன்பாமும் ரூபினும் கொடுத்த யோசனை இது. மருந்து எழுதிய அன்று அந்த நோயாளியைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் – வயது, எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின், பழைய மாரடைப்பு, மற்ற மருந்துகள், காப்பீடு உண்டா இல்லையா – வைத்து, அவருக்குக் கிளிப்டின் எழுதப்பட எவ்வளவு வாய்ப்பு என்று ஒரே எண்ணாகக் கணக்கிடுவது. 60 சதவீதம் வாய்ப்புள்ள இருவரில் ஒருவருக்குக் கிளிப்டினும் இன்னொருவருக்குக் கிளிமிபிரைடும் கிடைத்திருந்தால் அந்த இருவரையும் ஒப்பிடலாம். மருந்து ஆரம்பித்த பிறகு எடுத்த பரிசோதனை எதையும் இதில் நுழைக்காதீர்கள், அது மருந்தின் விளைவாகவே இருக்கக்கூடும். வாய்ப்பு பூஜ்யத்தையோ நூறையோ ஒட்டி நிற்பவர்களுக்கு ஜோடி கிடையாது, விட்டுவிடுங்கள். ஸ்கோர் எவ்வளவு துல்லியமாக ஊகிக்கிறது என்று மார்தட்டாமல், ஜோடி சேர்த்த பிறகு ஒவ்வொரு குணத்திலும் இரு பக்கமும் சமமாகிவிட்டதா என்று அட்டவணை போட்டுப் பாருங்கள். தரப்படுத்திய வித்தியாசம் (இரு பக்கச் சராசரிகளின் வித்தியாசத்தை அந்தக் குணத்தின் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 0.1-க்குள் இருந்தால் பொதுவாக ஒப்புக்கொள்வார்கள்.

இவ்வளவு செய்தும் ஏன் போகாது என்கிறேன்? நம் ஊர் டாக்டர் ஒருவரின் காலை நேரத்து ஓபி-யில் போய் உட்கார்ந்து பாருங்கள். வயதான ஒருவர் வருகிறார். டாக்டர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திக் குழி விழுகிறதா பார்க்கிறார். கூட வந்தது யார் என்று பார்க்கிறார். டிரைவர். "வீட்டில் யாரு இருக்கா?" மகன் சிங்கப்பூர், மகள் அமெரிக்கா. வளவு வீட்டில் பெரியவர் தனியாள், சமையலுக்கு வருகிற அம்மாவும் சாயங்காலம் போய்விடுவார். ராத்திரி சர்க்கரை தாழ்ந்து முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் விழுந்தால் காலை வரை யாருக்கும் தெரியாது. டாக்டர், சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய கிளிமிபிரைடு எழுத எடுத்த பேனாவை நிறுத்தி, விலை கூடினாலும் பரவாயில்லை என்று அந்த அபாயம் குறைந்த கிளிப்டின் எழுதுகிறார். கம்ப்யூட்டரில் என்ன ஏறுகிறது? வயது, எடை, பிபி, மருந்தின் பெயர். கட்டைவிரல் பார்த்ததும் டிரைவர் சொன்னதும் எங்கும் ஏறுவதில்லை. பதிவில் இல்லாததை எந்த ஸ்கோராலும் சமப்படுத்த முடியாது.

மாத்திரை வாங்கிய கதையும் உண்டு. சீட்டில் முப்பது நாள் என்று இருக்கும். மருந்துக்கடையில் "பத்து வேணாம், நாலு வெட்டிக் கொடுங்க" என்பார்கள். உங்கள் பதிவில் அவர் முப்பது நாளும் மருந்து உட்கொண்டவர்.

பதிவில் இல்லாதது எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று மோப்பம் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒன்றை எண்ணுங்கள். நாய்க்கடிக்கு ஊசி போட வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடி சேர்த்த பிறகும் ஒரு பக்கத்தில் நாய்க்கடி அதிகம் என்றால், இரண்டு பக்கமும் இன்னும் வேறு வேறு ஆட்கள்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்படிப் பார்த்திருக்கிறார்கள், 2009-ல் வெளியானது. ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு வாகன விபத்தும் குறைவாக இருந்தது. ஸ்டாட்டின் போட்டால் லாரி விலகிப் போகுமா?

இன்னொன்று, முடிந்தால். அரசு மருத்துவமனைப் பதிவு கிடைக்கிறதா பாருங்கள். அங்கே எந்த மாத்திரை என்பதைப் பல நேரம் நோயாளியின் உடம்பு தீர்மானிப்பதில்லை, ஸ்டாக் தீர்மானிக்கிறது. "இந்த மாதம் இதுதான் வந்திருக்கு." நோயாளிக்கு எரிச்சல், ஆய்வு செய்பவருக்கு லாபம். ஏனென்றால் ஸ்டாக் தீர்ந்ததற்கும் அவருடைய இதயத்துக்கும் தொடர்பில்லை. கிட்டத்தட்டக் குலுக்கல் மாதிரியே ஆகிவிடுகிறது. அந்த மாதத்தில் வேறு எதுவும் சேர்ந்து மாறவில்லையா என்று மட்டும் சரிபாருங்கள்.

சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் கேள்வியையே ஒரு அமெரிக்கக் குழு எடுத்துக்கொண்டது. கிளிப்டின் வகையைச் சேர்ந்த லினாகிளிப்டினா, கிளிமிபிரைடா என்று கரோலினா என்ற பெரிய குலுக்கல் ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, அதன் முடிவு வெளிவருமுன், காப்பீட்டுப் பதிவுகளில் புதிதாக ஆரம்பித்தவர்களை மட்டும் எடுத்து, ஸ்கோரால் ஜோடி சேர்த்து, மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இருக்காது என்று எழுதிவைத்தார்கள். 2019-ல் 6,033 பேர் கொண்ட கரோலினாவும் அதையேதான் சொன்னது. கேள்வியை ஒழுங்காக வைத்துக்கொண்டால் பதிவேடும் உண்மை பேசும்.

தொண்ணூறுகளில் எனக்கு மாதவிடாய் நின்றபோது, இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். சில வருடம் கழித்து அவரே நிறுத்தச் சொன்னார். எது சரி?
– வாசகி, காரைக்குடி

அந்தந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து இரண்டுமே சரி.

அமெரிக்காவில் 1976-ல் தொடங்கி 1,21,700 நர்சுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இதய நோய் பாதியளவுக்குக் குறைவாகத் தெரிந்தது. அதை நம்பித்தான் உலகம் முழுக்க எழுதினார்கள். பிறகு 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஹார்மோனும் மறுபக்கத்துக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, ஹார்மோன் பக்கத்தில் இதய நோய் 29 சதவீதம் கூடுதல். மார்பகப் புற்றுநோயும் கூடியதால் 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். உங்கள் டாக்டர் நிறுத்தச் சொன்னது அதற்குப் பிறகாகத்தான் இருக்கும்.

நர்சுகளின் கணக்கு ஏன் ஏமாற்றியது? தானாக மாத்திரை கேட்டு வாங்குகிற பெண்கள் பொதுவாக வசதி உள்ளவர்கள், ஒல்லியானவர்கள், உடம்பைக் கவனிப்பவர்கள் என்பது ஒரு காரணம். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. ஆரம்பித்த முதல் வருடங்களில் இதய நோயில் அடிபட்டவர்கள் ‘இப்போது எடுப்பவர்கள்’ பட்டியலிலிருந்து கழன்றுகொண்டார்கள், தாங்கியவர்கள் மிஞ்சினார்கள். 2008-ல் ஹெர்னானும் அவர் குழுவும் அதே நர்சுகளின் பதிவை எடுத்து, ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு குலுக்கல் ஆய்வை நடத்துவது போலவே கணக்குப் போட்டார்கள். முரண்பாட்டில் பெரும்பகுதி கரைந்துபோனது. மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் கொதிப்புக்கு இன்றும் ஹார்மோன் எழுதுவதுண்டு, அது வேறு விஷயம்.

ஐயா தன் பிபி மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிடாமல் சாப்பிட்டு 91 வரை இருந்தார். மாத்திரையின் மகிமைதானே?
– வாசகர், நாட்டரசன்கோட்டை

மாத்திரைக்குப் பங்கு உண்டு. பிபி மருந்து பக்கவாதத்தைக் குறைக்கும் என்பது குலுக்கல் ஆய்வுகளிலேயே நிரூபணமானது. ஆனால் ‘தவறவிடாமல்’ என்று எழுதினீர்களே, அதற்கும் தனிப் பங்கு உண்டு. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆண்களுக்குக் குளோஃபைப்ரேட் என்ற மருந்தைச் சோதித்தார்கள், 1980-ல் வந்தது. மருந்துப் பக்கத்தில், ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து வருடத்தில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள். ஒழுங்கில்லாதவர்களில் 24.6. ஆகா, என்ன மருந்து என்று தோன்றும். வெற்று மாத்திரைப் பக்கத்தைப் பாருங்கள்: ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 15.1, ஒழுங்கில்லாதவர்களில் 28.2! வயது, கொழுப்பு என்று நாற்பது விஷயங்களைச் சரிக்கட்டிப் பார்த்தும் 16.4-க்கு 25.8 என்று இடைவெளி அப்படியே நின்றது. வெற்று மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறவர் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் அப்படித்தான் இருப்பார். உங்கள் ஐயாவும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் இலையில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

யாருக்கு எந்த மருந்து என்று சீட்டுக் குலுக்கிப் போடுவது, ஏழைகளைச் சோதனை எலியாக்குவது ஆகாதா?
– வாசகர், தேவகோட்டை

எது நல்லது என்று தெரிந்துகொண்டே குலுக்கினால் பாவம். யாருக்கும் தெரியாதபோது, ஆளுக்கொரு ஊகத்தில் எழுதிக்கொண்டே போவதைவிட, நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக் குலுக்குவது நேர்மை.

இதற்கு நம் சென்னையே சாட்சி. ஐம்பதுகளில் காசநோய் என்றால் சானடோரியம்தான், நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால் என்று எல்லோரும் நம்பினார்கள். நோயாளிகளோ ஏராளம், கட்டிலோ கொஞ்சம். பழைய பதிவுகளைப் புரட்டிப் பயனில்லை. கட்டில் கிடைத்தவரும் கிடைக்காதவரும் வேறு வேறு ஆட்கள், சிபாரிசும் காசும் நோயின் கட்டமும் கலந்து கிடக்கும். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு வீட்டிலேயே மாத்திரை, மறுபக்கத்துக்கு அதே மாத்திரை சானடோரியத்தில். வீட்டில் இருந்தவர்கள் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தார்கள், சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு. ஒரு வருடம் கழித்துக் குணமானவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவும் இல்லை. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். கட்டிலுக்குக் காத்திருந்த ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்ற துணிவு அந்த முடிவால்தான் பல நாடுகளுக்கு வந்தது. அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இருக்கிறது.